துடைத்துத் துடைத்தே கார் பெயிண்ட்டைக் கெடுத்த கதை

கார் வாங்கி எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அடர்நீல நிறம். ஒருநாள் இரவு தரைக்கு அடியில் இருக்கும் பார்க்கிங்கில், ஒற்றை எல்இடி விளக்குக்கு நேர் கீழே இடம் கிடைத்தது. இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை. உண்மையிலேயே ஒட்டடைதான் விழுந்திருக்கிறது என்று நினைத்துக் கையால் தட்டிவிட்டேன். போகவில்லை. தலையை இடப்பக்கம் நகர்த்தினால் வலையும் கூடவே இடப்பக்கம் நகர்ந்தது. கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். கதவில், டிக்கியில், கூரையில் என்று விளக்கு படுகிற இடமெல்லாம் அதைச் சுற்றி வட்ட வட்டமாக மயிரிழைக் கோடுகள். யாரோ வேண்டுமென்றே கீறிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. கோபத்தோடு அக்கம்பக்கம் நின்ற வண்டிகளைப் பார்த்தேன். ஐந்து வருடமாகத் தண்ணீரே காணாத மாதிரி புழுதி படிந்து நின்ற ஒரு பழைய வண்டியின் ஓரத்தை விரலால் லேசாக விலக்கிப் பார்த்தேன். அடியில் பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. தினம் துடைக்கப்படும் என் வண்டியில் மட்டும் வலை. அப்போதுதான் வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது.

அந்த எட்டு மாதமும் நான் என்ன செய்தேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது இதையேதான் செய்துகொண்டிருப்பீர்கள். தினம் காலையில் கிளம்பும் முன் பழைய பனியன் துணியால் வண்டி முழுக்க ஒரு துடை. தண்ணீர் கிடையாது, வெறும் துணி. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு வாளி தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலக்கி, ஸ்பாஞ்சை முக்கி, பானெட்டில் ஆரம்பித்து டயர் வரை வந்து, அதே ஸ்பாஞ்சை அதே வாளியில் அலசி மறுபடி கூரைக்குப் போவேன். துணி உலர்த்தினால் பத்து நிமிடத்தில் காய்கிற வெயில். சோப்பு வண்டியிலேயே காய்ந்துபோகும், அதை அழுத்தித் தேய்த்து எடுப்பேன். இதில் எனக்கு ஒரு பெருமை வேறு. 'வண்டியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார்' என்று யாராவது சொன்னால் அன்று இன்னொரு தரம் துடைப்பேன்.

துணி மென்மையானதுதானே, அது எப்படிக் கீறும் என்று நானும் கேட்டேன். கீறுவது துணி இல்லை. இரவெல்லாம் வண்டிமேல் படிகிற தூசியில் மண்ணும் மணல் துகளும் இருக்கிறது. காய்ந்த துணியை வைத்து இழுத்தால் அந்தத் துகளைப் பெயிண்ட்டின் மீது வைத்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கிறோம். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு படலம் இருக்கும். பளபளப்பும் அதுதான், வெயிலைத் தடுப்பதும் அதுதான். அதன் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான் அளவில்தான் இருக்கும். தலைமுடி ஒன்றின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். ஒரு முடியைவிட மெல்லிய அந்தப் படலத்தின்மீது தினம் காலையில் நான் மணல் போட்டுத் தேய்த்திருக்கிறேன். கோடுகள் உண்மையில் எல்லாத் திசையிலும்தான் இருக்கின்றன. விளக்கின் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகிற கோடுகள் மட்டும் தெரிவதால் வட்டமாகத் தோன்றுகிறது. அதனால்தான் பகலில் தெரியாமல் ஒற்றை விளக்குக்குக் கீழே பல்லை இளிக்கிறது.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வலையைப் பார்த்த பதற்றத்தில் நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். 'கோடு போகணும், பாலிஷ் கொடுங்க' என்று ஒரு கடையில் கேட்டேன். ஒரு டப்பாவைக் கொடுத்தார்கள். வேக்ஸ், பாலிஷ், காம்பவுண்ட் மூன்றும் ஒரே சாமானின் மூன்று பெயர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வேக்ஸ் என்பது மேலே பூசுகிற மெழுகு, பெயிண்ட்டின் மேல் ஒரு போர்வை. பாலிஷில் அரம் மாதிரி உராயும் நுண்ணிய பொடி இருக்கிறது, கிளியர் கோட்டைக் கொஞ்சம் சீவி மட்டப்படுத்தும். ரப்பிங் காம்பவுண்ட் அதன் முரட்டு அண்ணன். என் கையில் இருந்தது காம்பவுண்ட். விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தபோது நறநறவென்று இருந்தது, அதைக் கவனித்தும் 'நல்லா வேலை செய்யும் போல' என்று நினைத்துக்கொண்டேன். எல்லாக் காம்பவுண்டும் இப்படி விரலுக்குத் தெரியாது, ஆகவே டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். கீறலை நீக்கும் என்று எழுதியிருந்தால் அது எதையோ சீவுகிறது என்று அர்த்தம்.

மூன்று ஞாயிறு தேய்த்தேன். தோள் இற்றுப்போகும்வரை. கோடுகள் குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் பானெட் மொத்தமும் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி மங்கியது. சரி, இன்னும் போதவில்லை போல என்று பானெட்டின் முன் ஓரத்தில், மடிப்பு வளைந்து இறங்கும் இடத்தில் கட்டைவிரலைத் துணியில் சுற்றி நன்றாக அழுத்தித் தேய்த்தேன். துணியைத் திருப்பிப் பார்த்தால் நீலம். பள்ளிக்கூடப் பேனா மை மாதிரி ஒரு நீலத் தீற்றல். சந்தோஷமாக 'அழுக்கு வருகிறது' என்று இன்னொரு தரம் தேய்த்தேன். நிறமில்லாத படலம் மேலே இருக்கும்போது துணியில் வண்டியின் நிறம் வரக்கூடாது, வந்தால் அந்தப் படலம் அங்கே தீர்ந்துவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. மடிப்பிலும் ஓரத்திலும் பெயிண்ட் எப்போதும் சமதளத்தைவிட மெல்லிசு, அதிலும் விரல் நுனியின் அழுத்தம் மொத்தமும் ஒரு புள்ளியில் இறங்குகிறது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் இடம் செத்துப்போனது.

அப்புறம் ஓடியது வண்டி பளபளப்பாக்கும் ஓர் இடத்துக்கு. அவர்கள் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தந்தார்கள். வண்டி புதுசு மாதிரி ஜொலித்தது. அவர்கள் கேட்ட பணத்தைக் கொடுத்து நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு தடவை கழுவியதும் எல்லாக் கோடும் வரிசையாகத் திரும்பி வந்துவிட்டது. கீறலின் பள்ளத்தை எண்ணெயும் பள்ளம் நிரப்பும் பூச்சும் போட்டு மூடியிருக்கிறார்கள், கீறலைத் தொடவே இல்லை. தப்பு என்றும் சொல்ல முடியாது, நிரப்புவதும் ஒரு வேலைதான். ஆனால் அதைச் சொல்லிச் செய்திருக்க வேண்டும். நீங்கள் எங்கே கொடுத்தாலும் ஒன்று கேளுங்கள்: 'வேலை முடிந்ததும் மேலே இருக்கும் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, வேக்ஸ் போடும் முன் விளக்கடித்துக் காட்டுவீர்களா?' காட்டுகிறேன் என்பவர் கீறலை எடுப்பவர். அதெல்லாம் தேவையில்லை சார் என்று இழுப்பவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவதாகப் போன இடத்தில் இருந்தவர் வயதானவர். கோட்டைப் பார்த்ததுமே, 'தம்பி, தினம் வெறுந்துணியில தொடைப்பீங்களா?' என்றார். பெயிண்ட் கனம் அளக்கும் சின்னக் கருவியை ஒவ்வோர் இடமாக வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டே போனார். தொழிற்சாலைப் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். கருவி மொத்தக் கனத்தைத்தான் காட்டும், அதில் கிளியர் கோட் எவ்வளவு மிச்சம் என்பது அனுபவக் கணக்கு. என் பானெட்டின் எண் கூரையின் எண்ணைவிடக் குறைவாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எண்ணை மட்டும் எனக்குத் திருப்பிக் காட்டினார். நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுத்துப் பார்க்கச் சொன்னார். நகம் தட்டினால் அது பாலிஷுக்கு அடங்காத ஆழம், விட்டுவிடுவதே நல்லது. தட்டாததை மட்டும் எடுக்கலாம், அதுவும் வண்டியின் ஆயுளில் சில தடவைதான், ஒவ்வொரு தடவையும் அந்த மெல்லிய படலத்திலிருந்துதான் சீவுகிறோம். இரண்டு நாள் வண்டி அவரிடம் இருந்தது. முதல் இடத்தில் கொடுத்ததையும் சேர்த்தால் என் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போயிற்று. வலையில் பெரும்பகுதி போய்விட்டது. நகம் அளவு இடம் அப்படியேதான் இருந்தது.

இப்போது நான் எப்படிக் கழுவுகிறேன் என்று சொல்கிறேன். முதல் மாற்றம், காலையில் துடைப்பதை நிறுத்தியது. தூசியோடு ஓட்டிப் போவது முதல் மாதம் உடம்பெல்லாம் அரித்தது. பெயிண்ட்டின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் தூசி ஒன்றும் செய்யாது, அதை நாம் இழுக்கும்போதுதான் கீறல். வாரம் ஒரு தடவை, இல்லாவிட்டால் பத்து நாளைக்கு ஒரு தடவை கழுவுகிறேன். அதிகாலையில் அல்லது நிழலில், பானெட்டில் புறங்கையை வைத்தால் சூடு தெரியாதபோது மட்டும். சூட்டில் தண்ணீர் ஆவியானால் அதிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வட்டமாகப் படிந்துவிடும், கடின நீர் வருகிற இடங்களில் இது பெரிய தலைவலி. புதிதாகப் படிந்த கறைக்கு வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போகும். மாதக்கணக்கில் விட்டால் பெயிண்ட்டைத் தின்று பள்ளமாக்கிவிடும், அப்புறம் பாலிஷ்தான்.

முதலில் சக்கரம். அதற்கென்று தனி வாளி, தனித் துணி, அதை வண்டியின் உடம்பில் எந்தக் காலத்திலும் படவிடமாட்டேன். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புப் பொடி அங்கேதான் குவிந்திருக்கிறது. பிறகு வண்டி முழுக்கக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி, கை படாமல் எவ்வளவு மண் போகுமோ அவ்வளவையும் போக விடுகிறேன். இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், வேலையின் பாதி இதுதான். இங்கே போன ஒவ்வொரு துகளும் கீறாத துகள். அழுத்தத் தண்ணீர் இயந்திரம் இருப்பவர்கள் முனையை ஓர் அடிக்கு மேல் தள்ளியே பிடியுங்கள், பெயிண்ட் ஏற்கெனவே பெயர்ந்த இடத்தில் கிட்டப் பிடித்தால் தோலை உரித்துவிடும். அதன்பின் இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். நூல் நூலாகத் தொங்கும் மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும், முதலில் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். நம்பாமல் முதல் நாள் கழுவி முடித்ததும் அலசிய வாளியின் அடியில் கையை விட்டுத் துழாவினேன். ஒரு தேக்கரண்டி அளவுக்கு மணல். எட்டு மாதமும் அந்தத் தேக்கரண்டியைத்தான் ஸ்பாஞ்சில் ஏந்திக்கொண்டு கூரைக்குப் போயிருக்கிறேன். ஸ்பாஞ்சின் முகம் தட்டை, மண் அதற்கும் பெயிண்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். கையுறையின் நூல்களுக்குள் மண் உள்வாங்கிப் போய்விடும்.

மேலிருந்து கீழே, கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி, கடைசியில் கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும். கையை வட்டம் போடாமல் நேர்கோட்டில் ஓட்டுங்கள். அழுத்தவே வேண்டாம், கையுறையின் சொந்த எடை போதும். மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் பக்கிள் மூன்றையும் கழற்றிவிடுங்கள். கூரைக்கு எட்டிக் கழுவும்போது கதவில் உரசுவது நம் வயிற்றுப் பக்கிள்தான். கையுறை கீழே விழுந்துவிட்டால் அலசிவிட்டுத் தொடரலாம் என்ற சமாதானம் வேண்டாம், இன்னொன்று எடுங்கள். பாத்திர சோப்பு எண்ணெயைக் கரைக்கவே செய்யப்பட்டது, மேலே இருக்கும் மெழுகையும் சேர்த்துக் கரைத்துவிடும். பழைய வேக்ஸை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச நினைக்கும் நாளில் வேண்டுமானால் அதைப் பயன்படுத்தலாம், வாராவாரம் கூடாது. துவட்டுவதற்குப் பெரிய மைக்ரோஃபைபர் துண்டு ஒன்று. விரித்துப் போட்டு மெல்ல இழுத்தால் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், தேய்க்க வேண்டியதில்லை. ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை முதல் நாளே வெட்டிவிடுங்கள், அதுவும் கீறும். இந்தத் துணிகளை வீட்டுப் பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும், துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றினால் இழையில் பூசிக்கொண்டு தண்ணீரை உறிஞ்சாது.

பறவை எச்சத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அதில் அமிலம் இருக்கிறது. வெயிலில் கிளியர் கோட் இளகி விரிகிறது, மாலையில் குளிர்ந்து சுருங்கும்போது காய்ந்த எச்சத்தின் வடிவத்தையே அச்சாகப் பிடித்துக்கொள்கிறது. ஒரே பகலில் தடம் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அதை மட்டும் கழுவும் நாள்வரை விடக்கூடாது. அதற்காக நான் முன்பு செய்த மாதிரி நகத்தால் சுரண்டியும் எடுக்கக்கூடாது, எச்சத்தில் விதையும் மண்ணும் இருக்கும். வண்டியில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டிலும் சுத்தமான துணியும் வைத்திருக்கிறேன். துணியைச் சொட்டச் சொட்ட நனைத்து எச்சத்தின்மேல் பத்து நிமிடம் போட்டுவிட்டால் ஊறிவிடும். பிறகு துடைக்காமல், கிள்ளி மேலே தூக்குகிற மாதிரி எடுத்தால் மிச்சம் வைக்காமல் வரும்.

வேக்ஸுக்கு வருகிறேன். கழுவிக் காய்ந்த வண்டியின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரியும் இடம் பைக்குள் சொரசொரவென்று தெரியும். ஒட்டிய இரும்புத் துகளும் பிசினும் தாரும் அது. அதை எடுக்க களிமண் மாதிரி பிசையும் கிளே பார் இருக்கிறது. ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து அதன்மேல் மிதக்கவிட்டு நகர்த்த வேண்டும், மடித்து மடித்துப் புது முகம் காட்ட வேண்டும். கிளே தரையில் விழுந்தால் விலையைப் பார்க்காமல் குப்பையில் போடுங்கள். நான் விழுந்ததை ஊதிவிட்டுப் பயன்படுத்தி, இப்போதுதான் காசு கொட்டிச் சரிசெய்த கதவில் புதிதாக நான்கு கோடு வாங்கினேன். கிளேயே லேசாகக் கீறக்கூடியதுதான், வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வேண்டாம்.

முதல் தடவை வேக்ஸ் போட்டதிலும் சொதப்பினேன். தடிமனாகப் போட்டால் நிறைய நாள் நிற்கும் என்று, வெயிலில் நின்ற வண்டி முழுக்க அப்பிவிட்டு உள்ளே போய் வந்தேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி இறுகிக் கிடந்தது. எடுக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று, கறுப்புப் பிளாஸ்டிக் விளிம்புகளில் அப்பிய வெள்ளைக் கறை பல வாரம் போகவில்லை. வேக்ஸ் எவ்வளவு தடிமனாகப் போட்டாலும் மெல்லிய ஒரு படலம்தான் தங்கும், மிச்சத்தைத் துடைத்துத்தான் எறிகிறோம். நிழலில், ஒரு நேரத்தில் ஒரு பகுதி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லிசாகத் தடவுங்கள். சில நிமிடம் கழித்து விரலால் ஓர் இழுப்பு. விரல் தடம் சுத்தமாக, பளிச்சென்று தெரிந்தால் துடைக்கலாம். மெழுகு பிசுபிசுவென்று இழுபட்டால் பொறுங்கள். பிளாஸ்டிக் விளிம்புக்கு முன்கூட்டியே பெயிண்டர் டேப் ஒட்டிவிடுவது நல்லது. முன் கண்ணாடியில் பூசாதீர்கள், மழையில் வைப்பர் தத்தித் தத்திக் கோடு போடும். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் வண்டிக்கு இந்த வேக்ஸே ஆகாது, பளபளப்புத் திட்டுத் திட்டாக வந்து அசிங்கமாகிவிடும். புதிதாகப் பெயிண்ட் அடித்த பகுதியும் முழுக்க உலரச் சில வாரங்கள் விட வேண்டும், அடித்தவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வேக்ஸ் என்று கேட்பீர்கள். கார்னாபா என்பது பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலை மெழுகு, வறட்சியில் தன் ஈரத்தைக் காப்பாற்ற அந்த மரம் பூசிக்கொள்வது. அழகான ஆழம் தரும், ஆனால் வெயிலிலும் மழையிலும் சில வாரம் முதல் இரண்டு மூன்று மாதம்தான். மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கை சீலண்ட் அதைவிட நாள் நிற்கும். என் அனுபவத்தில், விலை உயர்ந்த வேக்ஸுக்குக் கொடுக்கும் காசை நல்ல கையுறைக்கும் இரண்டாவது வாளிக்கும் துவட்டும் துண்டுக்கும் கொடுப்பதே புத்திசாலித்தனம். வேக்ஸ் கீறலைத் தடுக்காது. எச்சமும் கறையும் பெயிண்ட்டைத் தொடும் முன் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும், கழுவுவதை எளிதாக்கும், அவ்வளவே. தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டோடுவது நின்று பாய் விரித்த மாதிரி படுத்தால் அடுத்த பூச்சுக்கு நேரமாயிற்று. அதற்கு முன் ஒரு தடவை நன்றாகக் கழுவிப் பாருங்கள், சில நேரம் அழுக்குப் படலம்தான் வேக்ஸை மூடியிருக்கும்.

கழுவி முடித்ததும் தெருவில் மெதுவாக ஓட்டி நாலைந்து தடவை பிரேக்கை லேசாக அழுத்தி டிஸ்க்கைக் காயவிடுவதையும் வழக்கமாக்கிக்கொண்டேன், ஈரத்தோடு நிறுத்தினால் மறுநாள் காலை மேலே துரு பூத்திருக்கும். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆகிறது. முன்பு தினம் காலையில் பத்து நிமிடம், வாரத்துக்கு எழுபது நிமிடம் வண்டியைக் கெடுக்கச் செலவழித்தேன் என்பதை நினைத்தால் இது பெரிய கணக்கில்லை.

அந்த நகம் அளவு இடத்துக்கு, கதவுத் தூண் ஸ்டிக்கரில் இருந்த பெயிண்ட் எண்ணைக் கொடுத்து அதே நிறத்தில் சின்ன டச்-அப் பாட்டில் வாங்கி, நிறத்தையும் மேலே கிளியரையும் தூரிகை நுனியால் வைத்தேன். இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. கிட்டப் போனால் சின்ன மேடாக, கொஞ்சம் வேறு நீலமாகத் தெரியும். வேக்ஸ் போடும்போது அந்த இடத்துக்குத் துணியைக் கொண்டுபோவதில்லை, விரல் நுனியில் ஒரு பொட்டு எடுத்துத் தடவிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறேன்.